பிராந்தியில் ஊறிய கருஞ்சீரகம்

ஏழெட்டு வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமைக் காலை. தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்குப் பக்கம் உள்ள சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன். வழக்கமாக டோக்கன் நீட்டும் ஏகாம்பரத்தைக் காணோம். அவர் மனைவி தனலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

டோக்கனோடு ஒரு சின்னக் காகிதத்தையும் நீட்டினார். பேப்பரிலிருந்து வெட்டியெடுத்த ஒற்றைப் பத்திச் செய்தி. ஓரம் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது.

"இத்த எழ்துனது யாரு சார்? நீங்களா?"

பார்த்தேன். நான் எழுதியதுதான்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் ஒரு நாளேட்டில் சப்-எடிட்டர் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சப்-எடிட்டர் எழுதுவதற்கு யாரும் பெயர் போட மாட்டார்கள். அப்படிப் பெயரில்லாமல் எழுதிய பத்து வரியை ஒருவர் வெட்டிப் பத்திரப்படுத்தியிருக்கிறார் என்றால் மனசு என்ன செய்யும்? இத்தனை வருட சர்வீஸில் இதுதான் முதல் தடவை. முகமெல்லாம் பல்லாக, "நான்தாம்மா" என்றேன்.

"அப்ப நீங்களே வூட்டாண்ட வந்து அவர்கிட்ட சொல்லுங்க. குடிக்க வாணாம்னு."

பல்லை மூடிக்கொண்டேன்.

ஏகாம்பரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடப்பேரியில் வீடு. விடியற்காலை ஸ்டாண்டைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை எங்கள் பேப்பரைப் பிரிப்பது. தலையங்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை எதையும் விட மாட்டார். அச்சுப்பிழை வந்துவிட்டால் போச்சு... அன்றைக்கு என் டோக்கன் சுலபமாகக் கிடைக்காது.

"இன்னா சார், மாண்புமிகுல கால வுட்டுட்டீங்க. மந்திரி மண்புமிகுவா பூட்டாரு" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு ரயிலுக்கு ஓடுவேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு விடாத இருமல். எடை குறைந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், ஒருநாள்கூட விடக் கூடாது, சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். கூடவே ஒரு கண்டிஷன். குடிக்கவே கூடாது. இந்த மாத்திரைகளே சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். அதன் மேல் சாராயமும் சேர்ந்தால் ஈரல் தாங்காது.

இன்னும் ஒன்றும் சொல்லியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், கவலைப்படாதே. ஆனால் கண் மஞ்சளானாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ அன்றைக்கே ஓடி வா.

ஏகாம்பரத்தைக் குடிகாரர் என்று சொல்லிவிட முடியாது. சாயங்காலம் ஸ்டாண்டை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு குவார்ட்டர். சண்டை கிடையாது, பாட்டு மட்டும் உண்டு. அதையும் ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாளே விட்டுவிட்டார். இரண்டு மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. அந்த இரண்டு மாதமும் வேறு யார் வீட்டிலோ குடியிருந்தது போல அவ்வளவு நிம்மதி என்று தனலட்சுமி சொன்னார்.

அதற்கப்புறம்தான் என் செய்தி வந்தது.

தலைப்பு: 'ஈரலைக் காக்கும் கருஞ்சீரகம்'. நான் வைத்ததுதான். கச்சிதமாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடிப் போர்ஷனில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருக்கிறாள். பல்லாவரம் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்தியல் ஆராய்ச்சி மாணவி. இரண்டு வருடமாகக் கருஞ்சீரகத்தோடும் எலிகளோடும் மல்லுக்கட்டுகிறாள். எலிகளுக்கு டி.பி. மாத்திரையைக் கொடுத்து ஈரலைக் கெடுப்பது, சில எலிகளுக்குக் கூடவே கருஞ்சீரகச் சாற்றையும் கொடுத்து ஈரல் தப்பிக்கிறதா என்று பார்ப்பது — அவளுடைய வேலை இதுதான். கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள், வாருங்கள் அங்கிள் என்று கூப்பிட்டாள். போனேன். ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கக் கொடுத்தாள். அடியில் தார் மாதிரி ஒரு பசை. பழைய ஊறுகாய் ஜாடியின் நெடி.

இதுதான் சாறு என்றாள். கருஞ்சீரகத்தைப் பொடித்து ஆல்கஹாலில் மூன்று நாள் ஊற வைக்க வேண்டும். வடிகட்ட வேண்டும். பிறகு ஆல்கஹால் மொத்தத்தையும் ஆவியாக்கிவிட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது இந்தப் பசை.

"ஏதோ கொஞ்சம் பாதுகாக்கிற மாதிரித் தெரியுது அங்கிள். அவ்வளவுதான். அதுவும் எலியில. அதை மட்டும் மறக்காம போட்டுடுங்க" என்றாள்.

மறக்கவில்லை. போட்டேன். எங்கே போட்டேன் என்பதுதான் விஷயம்.

எலி என்ற வார்த்தையை முதல் வரியிலேயே வைத்தால் எந்த வாசகர் இரண்டாவது வரிக்கு வருவார்? அதனால் டி.பி. மாத்திரை ஈரலைப் பாதிக்கலாம் என்று ஆரம்பித்தேன். கருஞ்சீரகச் சாறு அதைத் தடுக்கக்கூடும் என்று தெரியவந்திருப்பதை அடுத்து வைத்தேன். பொடித்து, ஆல்கஹாலில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டிச் சாறு எடுப்பதைச் சொன்னேன். கடைசி மூன்று வரியில் மற்றதெல்லாம்: பின்னர் ஆல்கஹால் முழுவதும் நீக்கப்படுகிறது, சோதனை எலிகளில் மட்டுமே நடந்துள்ளது, நோயாளிகள் தாமாக முயலக் கூடாது.

எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மணி ரயிலைப் பிடித்துவிட்டேன்.

பேப்பர் ஆபீஸ் வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அச்சடித்த செய்தியை நீளநீளமாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டுகிறவர் கையில் ஒரு பிளேடு இருக்கும். இடம் போதவில்லையா? செய்தியின் அடியில் ஒரு கீறல். எப்போதும் அடியில்தான். யாரையும் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டாம். ஏனென்றால் முக்கியமானது மேலே இருக்கும், கீழே போகப் போக முக்கியம் குறையும் — செய்தி எழுதுகிறவனுக்கு இதுதான் பாலபாடம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான். நானே முக்கியமானதைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். என் பாடத்தை நம்பி அவர் நறுக்கினார்.

'வடிகட்டி இந்தச் சாறு தயாரிக்கப்படுகிறது.' முற்றுப்புள்ளி.

மறுநாள் பேப்பரில் தலைப்பை மட்டும் பார்த்தேன். இருந்தது. திருப்தி. ஸ்டெல்லாதான் மாடியிலிருந்து இறங்கி வந்து, "கடைசி மூணு லைன் வரலையே அங்கிள்" என்றாள். இடம் இல்லையென்றால் அப்படித்தான், முக்கியமானது வந்துவிட்டதே என்று சமாதானம் சொன்னேன். அவள் படியேறிப் போனாள்.

ஆக, சைக்கிள் ஸ்டாண்ட். ஆபீசுக்கு போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, ஸ்டாண்டை எதிர் டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தனலட்சுமியும் நானும் கடப்பேரிக்கு நடந்தோம். வழியெல்லாம் அவர் ஒன்றையேதான் சொன்னார். புருஷன் ஒன்பது நாளாகக் குடிக்கிறார். நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. குழம்பு தாளித்தால் வெளியே ஓடுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் பேப்பரைக் காட்டுகிறார்.

ஒற்றை அறை வீடு. ஏகாம்பரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அன்றைய பேப்பர். என்னைப் பார்த்ததும் நோயாளி மாதிரியே இல்லை, உற்சாகமாக எழுந்தார்.

"வாங்க சார். நம்ப மருந்து ஷோக்கா வேல செய்து."

அலமாரியில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிராந்தி பாட்டில். பாதி இருந்தது. அடியில் வடிகட்டியும் தங்கிவிட்ட கருஞ்சீரக வண்டல். லேபிள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஊறவைத்த நாள், வடிகட்ட வேண்டிய நாள் எல்லாம் எழுதியிருந்தார். கருஞ்சீரகம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பார்த்து வாங்கியதாம். மூன்று நாளுக்கு ஒரு மணி நேரம்கூட முன்னால் திறக்கவில்லையாம். நான் பார்த்தவர்களில் ஒரு செய்தியை இவ்வளவு ஒழுங்காகப் படித்து, சொன்னபடி செய்தவர் வேறு யாருமில்லை.

செய்தியில் ஒரு குறையையும் கண்டுபிடித்திருந்தார்.

"ஆல்கால்னு போட்டுகீறீங்க. இன்னா ஆல்கால்னு போடல. நானா யோசன பண்ணேன். ரம்மு சூடு. பிராந்திதான் சார் மருந்து."

ஆரம்பத்தில் இருமல் மருந்தின் மூடியில் அளந்து மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் மூடி தொலைந்துவிட்டது.

"அத்த தேடவும் இல்ல" என்றார் தனலட்சுமி, என்னிடம். "டம்ளர் கீதில்ல."

ஜன்னல் வெளிச்சத்தில் ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. மஞ்சளாக இருக்கிறதே ஏகாம்பரம் என்றேன். கெட்டதெல்லாம் வெளியே வருகிறது சார், அப்படித்தான் இருக்கும் என்றார். ஆஸ்பத்திரியில் சொன்னதில் அவருக்குச் சிவப்பாகப் போகும், கவலைப்படாதே என்பது நினைவிருந்தது. அதற்கப்புறம் சொன்னது நினைவில்லை. மனிதர்களும் அடியில்தான் நறுக்குகிறார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஆல்கஹாலை எடுத்துவிடுவார்கள், அதோடு இது எலிக்குத்தான் கொடுத்துப் பார்த்தது, அந்த வரிகள் பேப்பரில் வரவில்லை.

"வர்லன்னா?"

"வெட்டிட்டாங்க."

"முக்கியமான வரின்றீங்க?"

"ஆமா."

ரொம்ப நிதானமாகக் கேட்டார்: "முக்கியமானத்த எவனாவது வெட்டுவானா சார்?"

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

"தபாருங்க சார், கோச்சிக்காதீங்க. நீங்க சொல்றது வாயால சொல்றது. இது பேப்பர்ல கீது" என்றார். பேப்பரில் போடுங்கள், அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றார். தான் மட்டுமா குடிப்பது, ஸ்டேஷன் பக்கத்து ஒயின் ஷாப்பில் இந்தச் செய்தியை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார்.

திரும்பும்போது போய்ப் பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது. பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் கருஞ்சீரகம் சின்னச் சின்னப் பொட்டலமாகத் தொங்கியது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய எதற்கும் இப்படியொரு செல்வாக்கு இருந்ததில்லை.

பேப்பரில் போட ஒருநாளாவது ஆகும். அந்த ஒருநாளில் பாட்டிலில் மிச்சம் இருப்பது தீர்ந்துவிடும். அதனால் அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். போகிற வழியில் அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏகாம்பரம் அவளுக்கு நாற்காலி போட்டார். பேப்பரில் வந்த ஆராய்ச்சியைச் செய்தவரே வீட்டுக்கு வந்திருக்கிறார் என்றால் சும்மாவா?

"அண்ணா, எங்க எலிக்கு ஒரு சொட்டு ஆல்கஹால் கொடுக்கல" என்று ஆரம்பித்தாள்.

"எலிக்கு எதுக்கு மேடம் வீணா" என்றார் ஏகாம்பரம்.

தனலட்சுமி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை.

ஸ்டெல்லா விடவில்லை. ஊறவைப்பதும் ஆவியாக்குவதும் எப்படி என்று பொறுமையாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ஆனால் கண் பாட்டிலின் மேலேயே இருந்தது. அவள் முடித்ததும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"செரி மேடம். அந்த சாறு குட்ச்ச எலிங்கோ இப்ப எப்டி கீது?"

"இல்லண்ணா."

"இல்லன்னா?"

"உயிரோட இல்ல. ஈரல் எப்படி இருக்குன்னு பார்க்கணும்னா வெட்டித்தானே பார்க்கணும்."

தூரத்தில் ஒரு மின்சார ரயில் கடந்தது.

"நல்லா ஆச்சே, அதையுமா?"

"வெட்டினாத்தாண்ணா நல்லா ஆச்சுன்னு தெரியும்."

ஏகாம்பரம் தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு பாட்டிலை எடுத்து, என்னிடமும் இல்லை, ஸ்டெல்லாவிடமும் இல்லை, தனலட்சுமியிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு நேராகக் கொல்லைப்பக்கம் போனார். இரண்டு மாதச் சமாதானத்தைக் கெடுத்த பாட்டில்... அவர் கொட்டிவிட்டு வரக் கொஞ்ச நேரமாயிற்று. திரும்பி வந்ததும் புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "காலீல ஆஸ்பத்திரி. சட்ட தோச்சி வெச்சிகீறேன்."

மறுநாள் அவர்கள் இருவரோடு நானும் போனேன். இளைஞரான டாக்டர். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதை யார் சொல்லிக் குடித்தாய் என்று கேட்டார்.

ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை. நான் இரண்டடி தள்ளி அவருடைய சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"தெர்ஞ்சவங்க யாரோ சொன்னாங்க சார். பேரு நெனப்பில்ல."

ஒரு எழுத்தில் கால் விட்டுப்போனால் அதை ஒரு வாரம் நினைவு வைத்திருக்கிற மனிதர். அவருக்குப் பெயர் நினைவில்லையாம். என் மானத்தை அவர் காப்பாற்றுகிறார் — என்னால் மஞ்சளான கண்ணோடு.

"நான்தான் டாக்டர்" என்றேன். இரண்டு நாளில் இரண்டாம் தடவையாக இந்த வார்த்தை.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாட்டு வைத்தியரா?"

"இல்லை. பத்திரிகை."

"அது இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

மதியத்துக்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஈரல் நன்றாகவே அடி வாங்கியிருந்தது. மாத்திரையால் எவ்வளவு, பாட்டிலால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்துதான் என்றார் டாக்டர். எல்லா மாத்திரைகளையும் நிறுத்தினார். சிக்கல் என்னவென்று தனலட்சுமிக்குப் புரியும்படி சொன்னார்: ஈரல் தேறாவிட்டால் மாத்திரை கொடுக்க முடியாது. மாத்திரை கொடுக்காவிட்டால் டி.பி. விடாது. பொறுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போனேன். செய்தி ஆசிரியரிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள் என்றேன். சிரித்தார். ஒரு மூலைச் செய்திக்குத் திருத்தமா, அதை யார் படித்திருக்கப் போகிறார்கள் என்றார். படித்தவரின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஐந்து வரி கொடுத்தார்.

அந்த ஐந்து வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல் வரி: 'கருஞ்சீரகத்தை மதுவில் ஊறவைத்துக் குடிக்க வேண்டாம்.' இரண்டாவது வரியிலேயே எலியைக் கொண்டுவந்தேன். வாசகர் ஓடினால் ஓடட்டும். பக்கம் ஒட்டி முடிகிறவரை பக்கத்திலேயே நின்றேன். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து இடித்தது. பிளேடு வழக்கம்போல அடியில் இறங்கியது. போனது 'தவறுக்கு வருந்துகிறோம்' என்ற வரி. நான் தடுக்கவில்லை. பேப்பரின் வருத்தத்தை யாரும் ஊறவைத்துக் குடிக்கப் போவதில்லை.

மறுநாள் தனலட்சுமி ஸ்டாண்டில் அந்தப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இதில் எந்த வரி குடிக்காதே என்கிறது என்று கேட்டார். காட்டினேன். டோக்கன் எழுதும் சிவப்புப் பென்சிலால் அதன் கீழே கோடு போட்டார். செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் நடந்ததை டீக்கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார்: ஒரு பிடி சோற்றோடு தெருவைக் கடந்து நேராக ஒயின் ஷாப்புக்குள் போயிருக்கிறார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வழிவிட்டிருக்கிறார்கள். ஜெராக்ஸ் மேலேயே சோற்றுப் பசையால் ஒட்டினாராம். கடைக்காரர் இதென்ன என்று கேட்டதற்கு ஒரே பதில்.

"நீ ஒட்னதும் பேப்பரு. நான் ஒட்றதும் பேப்பரு."

எத்தனை பேர் ஊறவைத்தார்கள், எத்தனை பேர் நிறுத்தினார்கள்... தெரியாது. செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளில் திருத்தமும் போய்ச் சேர்ந்தது என்று நானாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கருஞ்சீரகத்தின் மேல் கோபப்படாதீர்கள் என்கிறாள் ஸ்டெல்லா. அதில் விஷயம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி என்கிறாள். கண்காட்சிக்கு வைத்த அட்டையை மட்டும் மாற்றி எழுதிவிட்டாள். இப்போது எல்லாவற்றுக்கும் மேலே, தலைப்புக்கும் மேலே, கொட்டை எழுத்தில் எலி.

முதல் வாரம் ஏகாம்பரத்தின் கண்ணில் மாற்றமில்லை. தினமும் காலையில் டோக்கனை வாங்கும்போது தனலட்சுமியின் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் அசைப்பார். நான் ரயிலுக்குப் போய்விடுவேன். இரண்டாவது வாரம் இரண்டு இட்லி இறங்கியது என்றார். மூன்றாவது வாரம் மஞ்சள் வடிய ஆரம்பித்தது. அதற்கடுத்த பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு மாத்திரையை மட்டும் தொடங்கினார். ஈரல் பேசாமல் இருந்தது. ஒரு வாரம் பொறுத்து அடுத்தது. இப்போது எல்லாமே பழையபடி ஓடுகிறது. வாராவாரம் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். காலையில் இரண்டு மணி நேரம் ஸ்டாண்டில் உட்காருகிறார்.

திரும்பி வந்த முதல் நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருத்தச் செய்தியில் எழுத்து ரொம்பப் பொடி, வயசானவர்கள் படிக்க வேண்டாமா என்று கேட்டார். தனலட்சுமிதான் மன்னிப்பைக் கையில் வாங்கினார். வாங்கிக்கொண்டு, ஒரு நிபந்தனையும் போட்டார்.

"இன்னொரு தபா ஒடம்ப பத்தி எதுனா எழ்துனா, மொதல்ல என்னாண்ட படிச்சி காட்டிட்டு அப்பால போடுங்க சார்."

சரி என்றேன். நேற்று காலை ஸ்டாண்டில் நின்றபடி இந்தக் கட்டுரை முழுவதையும் படித்துக் காட்டினேன். ஏகாம்பரம் தன் பெயர் வருவதில் சந்தோஷப்பட்டார். தனலட்சுமி கடைசிவரை கேட்டுவிட்டு, நடுவில் ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார்.

எடுத்துவிட்டேன்.